இருபத்து மூன்றாம் எண்ணின் கண்ணாடி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் தங்கங்களே. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து காலை நீட்டி உட்காருங்கள். இன்று ஒரு வாத்தியார் கதை சொல்கிறேன். வாத்தியார் என்றதும் கையைக் கூப்பிவிடாதீர்கள். கை மடியிலேயே இருக்கட்டும். கும்பிடத் தகுந்த வாத்தியார்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. இவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இவருக்குப் பள்ளிக்கூடத்தில் தீர்க்கதரிசி என்று பெயர். பிள்ளைகள் கேலிக்கு வைத்த பட்டப்பெயர் என்றாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். அவரே தனக்கு வைத்துக்கொண்டது. எட்டாம் வகுப்புக்கு அவர் வகுப்பாசிரியர். வருடத்தின் முதல் நாள் வகுப்பு வாசலில் நின்றுகொள்வார். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையின் தாடையையும் இரண்டு விரலால் நிமிர்த்தி, ஒரு தும்மல் போடுகிற நேரம் முகத்தைப் பார்ப்பார். "நீ மேலே போவே" என்பார். அடுத்த பிள்ளையிடம், "நீ சுமாரு" என்பார். இன்னொன்றிடம், "நீ... சரி சரி, உள்ளே போ" என்பார். அந்த மூன்றாவது ரகப் பிள்ளை எங்கே உட்கார்ந்ததோ அந்தப் பக்கம் வருடம் முழுக்க அவர் திரும்பமாட்டார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள்கூட ஒரு தடவை காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். இவருக்கு அந்தச் சிரமமும் இல்லை.

அவர் வகுப்புக் கரும்பலகைக்கு மேலே, 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். முளைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறொரு டீச்சரிடம் போவார்கள். பழைய வாத்தியார் புது டீச்சருக்கு ஒரு குறிப்புத்தாள் கொடுப்பது அந்தப் பள்ளிக்கூடத்து நடைமுறை. அச்சடித்த தாள். முதல் கட்டத்தில் வரிசை எண், அடுத்ததில் பெயர், அதற்கடுத்ததில் பிள்ளையைப் பற்றி இரண்டு வரி. தீர்க்கதரிசி பெயர்க் கட்டத்தை எப்போதும் காலியாக விட்டுவிடுவார். நாற்பது பெயர் எழுதினால் கை வலிக்கும் பாருங்கள். "எண்ணு போதும், பேர் எதுக்கு?" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். இருபது பேர் ஆய்வகப் பிரிவுக்கு, மீதிப் பேர் கைவேலைப் பிரிவுக்கு. கைவேலை ஒன்றும் மட்டமில்லை, தங்கங்களே. நாற்காலி செய்கிற ஆள் இல்லாவிட்டால் தீர்க்கதரிசி எதில் சாய்ந்து தீர்க்கதரிசனம் சொல்வார்? ஆனால் ஒரு கதவு வழியாக விரும்பிப் போவது வேறு, கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டுப் போவது வேறு.

அப்படித் தள்ளப்பட இருந்த ஒரு பெண்ணின் கதைதான் இது. அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் எண் போட்ட டேக் ஒன்று குத்தி, துவைத்து, தேய்த்து, எண் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே அங்கே வந்துவிடுவாள். மடித்து அடுக்கிய விரிப்புக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடித்தால் சுவரோரம் நிற்கும் மருந்து டிரம்களின் லேபிள்களைப் படிப்பாள். கதைப்புத்தகம் படிக்கிற முகத்தோடு படிப்பாள்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, விரிப்பெல்லாம் ஏன் இப்பல்லாம் சீக்கிரம் கிழியுது?"

"பழசாயிடுச்சு, கிழியுது."

"இல்லம்மா. வெளுக்கிற மருந்து ஒரு பங்குக்கு நாப்பது பங்கு தண்ணின்னு போட்டிருக்கு. நீங்க பழைய மக் உடைஞ்சப்புறம் பெரிய மக்குல மொண்டு ஊத்தறீங்க. நான் தண்ணியை ஊத்தி அளந்து பார்த்தேன். இப்ப இருபத்தஞ்சுக்கு ஒண்ணுதான் வருது. மருந்தே துணியைத் தின்னுது."

சூப்பர்வைசர் அதைக் கேட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, மறுநாள் சின்ன மக் வாங்கிப் போட்டார். விரிப்புகள் கிழிவது நின்றது. "உன் பொண்ணு வாயைத் திறந்தா எனக்கு பயமா இருக்கும்மா. அடுத்தது என்னைக் கண்டுபிடிச்சிடுவா" என்று சொல்லிச் சிரித்தார். பெரியவளானதும் மருந்தும் தண்ணியும் கலக்கிப் பார்க்கிற வேலைக்குத்தான் போவேன் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு ஆய்வகப் பிரிவு வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். இரண்டாவது வாரமே டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தாள்: 'கண்ணாடி அணிந்து வரவும்.'

"உனக்கு ஏதுடி கண்ணாடி?"

"தெரியலம்மா. கண்ணாடி எங்க, ஏன் மறந்துட்டு வர்றேன்னு டீச்சர் கேக்கறாங்க. என்கிட்ட இல்லைன்னு சொன்னா பொய் சொல்லாதேங்கறாங்க."

மூன்று தடவை எழுதி வந்தது. மூன்றாவது தடவை சிவப்பு மையில். அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பலகையில் கடைசி வரிசைப் பொடி எழுத்துவரை படிக்கச் சொன்னார். அதற்குக் கீழே அச்சகத்தின் முகவரி இருந்தது. இவள் அதையும் படித்தாள்.

"கழுகுக் கண்ணும்மா இது. எதுக்குக் கண்ணாடி?"

"டீச்சர் எழுதி அனுப்பறாங்க."

"அப்ப டீச்சரை வரச் சொல்லுங்க, அவங்க கண்ணைப் பார்க்கலாம்."

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். பவர் எதுவும் இல்லாத சாதாக் கண்ணாடி ஒன்றைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துக்கும் நிம்மதி, பாப்பாவுக்கும் கெடுதல் இல்லை" என்றார். அம்மாவும் வாங்கிக்கொண்டாள். படித்தவர்கள் ஒன்று சொன்னால் அதில் நமக்குத் தெரியாத காரணம் இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய மூடத்தனத்தை நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும். என்றாலும் அன்றைக்கு அவள் செய்தது மூடத்தனம்தான்.

அந்த வருடம் மகள் மெல்ல மெல்ல மங்கினாள். லேபிள் படிப்பதை விட்டாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணும் இல்லை" என்பாள். உண்மையாகவே ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் அவளைப் பார்த்துச் சிரிப்பாள், தலையைத் தடவுவாள், ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டாள். கையைத் தூக்கினால், "பரவாயில்லம்மா, நீ கஷ்டப்படாதே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருக்கிற பிள்ளையைக் கேட்பாள். நான்கு மாதம் அப்படிப் போனபின் கை தானாகவே மேலே போவதை நிறுத்திக்கொண்டது. மதிப்பெண்ணும் அதன் பின்னாலேயே இறங்கிப் போயிற்று. கணக்கில் முதலாவதாக வந்தவள் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் தட்டுத்தடுமாறினாள்.

சலவைக்கூடத்தில் புதிதாக ஒரு டிரம் வந்த அன்று அம்மா வேண்டுமென்றே கேட்டாள்: "கண்ணு, இதுல எத்தனைக்கு எத்தனைன்னு பார்த்துச் சொல்லேன்."

"அது எனக்கு வராதும்மா."

"ஏண்டி? போன வருஷம் நீதானே..."

"அப்ப ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டேன். நான் அவ்வளவுதாம்மா."

பதினான்கு வயதுப் பெண் 'நான் அவ்வளவுதான்' என்கிறாள். கேட்டுக்கொண்டு இருங்கள், தங்கங்களே. அதைச் சொல்லிக்கொடுத்தவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்.

வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் வந்து, பிரிவுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா வேலையிடத்தில் சொல்லிவிட்டு, கையில் சோப்பு வாசனையோடு போனாள். வகுப்பறையில் பிள்ளைகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புது டீச்சர் மேசையில் இருந்தாள். சின்னப் பெண். நல்ல மனசுக்காரி. ஆனால் கண்ணை மட்டும் அடுத்தவர் எழுதின தாளுக்கு அடகு வைத்திருந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பொண்ணைக் கைவேலைப் பிரிவுக்குப் போட்டிருக்கேன். அவளுக்கு அதான் சுலபம்."

"அவ ஆய்வகப் பிரிவுதான் வேணும்னு இருந்தா டீச்சர். போன வருஷம் கணக்குல அவதான் முதல்."

டீச்சர் பரிதாபமாகப் பார்த்தாள். "எல்லா அம்மாவுக்கும் தன் பொண்ணு முதல்தான். கோச்சுக்காதீங்க. நான் அவளைக் கேள்வி கேட்டுத் தொந்தரவுகூடப் பண்றதில்லை."

"ஏன் பண்றதில்லை?"

"பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கே. நானாச் சொல்லலைம்மா. பெரியவர், அனுபவசாலி, அவர் எழுதிக் கொடுத்தது."

பழைய மதிப்பெண் பட்டியல் எல்லாம் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. தீர்க்கதரிசியின் தாள் மேசைமேல் இருந்தது. கைக்கு எட்டுவதுதானே வேதம்! டீச்சர் அந்தத் தாளைத் திருப்பி அம்மா பக்கம் நகர்த்தி, ஒரு வரியில் விரலை வைத்தாள். மகளின் வரிசை எண் இருபத்து மூன்று. அதற்கு நேரே எழுதியிருந்தது: 'கண்ணாடி போட்ட பிள்ளை. முன் பெஞ்ச். தலையில் ஏறாது. கேள்வி கேட்டுத் துன்புறுத்த வேண்டாம். கைவேலைப் பிரிவு போதும்.'

கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கில் சட்டத்தோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு, நாள் முழுக்கச் சலவைப் பட்டியல் பார்க்கிற பழக்கத்தில், விரல் தானாக மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஓடியது. இருபத்திரண்டுக்கு நேரே: 'கணக்கில் புலி. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வகப் பிரிவு.' முப்பதுக்கு நேரே: 'ஒட்டகச்சிவிங்கி. பின் பெஞ்சில் போடவும்.'

அம்மா தலையைத் தூக்கிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஒரு பிள்ளையின் நெற்றி மட்டும் மேசைக்கு மேலே தெரிந்தது.

"உன் நம்பர் என்ன கண்ணு?"

"முப்பது" என்றது நெற்றி.

"எனக்குக் கரும்பலகையே தெரியறதில்ல ஆன்ட்டி. முன்னாடி இவன் உட்கார்ந்துக்கறான்" என்றும் சொன்னது. முன்னால் தென்னை மாதிரி வளர்ந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் எண் முப்பத்தொன்று. கடைசிக்கு முந்தின வரிசையில் பாட்டில் அடி கனத்துக்குக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவள் இருபத்து நான்கு.

அம்மா தாளின் அடிக்குப் போனாள். நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

"டீச்சர், எட்டாம் வகுப்புல பாதியில யாராவது வந்து சேர்ந்தாங்களா?" என்று பிள்ளைகள் காதில் விழாதபடி மேசைப் பக்கம் குனிந்து கேட்டாள்.

"ஆமா, ஒரு பொண்ணு வந்து சேர்ந்தா. அகர வரிசையில பதினொண்ணாவது."

"அதுக்கப்புறம் எல்லார் நம்பரும் ஒண்ணு கூடியிருக்கும். அவர் பழைய நம்பரைப் பார்த்து எழுதிட்டார். நீங்க புது நம்பரைப் பார்த்துப் படிச்சிட்டீங்க. பதினொண்ணுல ஆரம்பிச்சுக் கடைசி வரைக்கும் டேக் ஒண்ணு தள்ளிப் போச்சு."

"என்ன டேக்?"

"எங்க சலவைக்கூடத்துல ஒரு தடவை இப்படி ஆச்சு டீச்சர். நடுவுல ஒரே ஒரு கோட்டு கூடுதலா வந்துடுச்சு, யாரும் கவனிக்கலை. குள்ள டாக்டருக்கு நெட்டை டாக்டர் கோட்டு போயிடுச்சு. மனுஷன் வார்டைப் பெருக்கிக்கிட்டே நடந்தாரு. கடைசியில டேக் இல்லாம ஒத்தைக் கோட்டு நின்னுச்சு. அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். இதோ, இங்கயும் கடைசியில ஒண்ணு நிக்குது பாருங்க."

டீச்சர் நாற்பத்திரண்டாம் கட்டத்தில் விரலை வைத்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இந்த நாப்பத்திரண்டாம் நம்பர் பொண்ணுக்குக் குறிப்பே இல்லை. அவ ஒருத்தியைத்தான் நானாப் பேசிப் பழகித் தெரிஞ்சுக்கிட்டேன்."

நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் ஒரு வருடம் பாடம் நடத்தி, அதில் ஒரே ஒரு பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறாள். அவளைத் திட்டலாம் என்று வாய் வருகிறது. ஆனால் அன்றைக்கு அவளே எழுந்து, "வாங்கம்மா, தலைமையாசிரியரைப் பார்க்கலாம்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதனால் விட்டுவிடுகிறேன்.

தலைமையாசிரியர் அறையில் தீர்க்கதரிசியும் இருந்தார். மேசை நிறைய அழைப்பிதழ். மூன்று நாளில் அவருக்குப் பாராட்டு விழா. எதற்குப் பாராட்டு என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பில் அவர் எழுதிய குறிப்பையும் ஒன்பதாம் வகுப்பு முடிவையும் தலைமையாசிரியர் எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தாராம். நாற்பத்தொரு குறிப்பில் முப்பத்தெட்டு அப்படியே பலித்திருந்ததாம்! புலி என்று எழுதியது புலியாகவும், தலையில் ஏறாது என்று எழுதியது ஏறாமலும் வந்து நின்றதாம். சிலிர்த்துப்போய் விழாவே வைத்துவிட்டார்.

டீச்சர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். தீர்க்கதரிசி சிரித்தார். "முடிவு சரியா வந்திருக்கு. அப்புறம் குறிப்பு எப்படித் தப்பாகும்? ஏம்மா, நீ என்ன வேலை பார்க்கறே?"

"துணி துவைக்கிறேன் சார்."

"அதைப் பாரு."

"அதைத்தான் சார் பார்க்கறேன். அழுக்கு எங்க இருக்குன்னு பார்க்கறதுதான் என் வேலை."

தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. தீர்க்கதரிசி எழுந்து, மகளின் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினார். அதே தும்மல் நேரம்.

"இவளையா தெரியாது எனக்கு? நல்லா ஞாபகம் இருக்கே. கண்ணாடி போட்ட பிள்ளை. முதல் நாளே இந்தக் கண்ணாடியோடதான் வந்தா. நான்தானே எழுதினேன்."

"பவர் ரொம்ப ஜாஸ்தியோ சார்?"

"பார்த்தாலே தெரியலையா? பாவம்."

அம்மா மகளின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "போட்டுப் பாருங்களேன்."

போட்டுக்கொண்டார். போட்டதும் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்பப்பா! என்னா பவர்! தலையைச் சுத்துது, தரையே மேல வருது. இந்த வயசுல இப்படியா?"

மகள், அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக, கேட்காமலே வாயைத் திறந்தாள். "அது வெறும் கண்ணாடி சார்."

தலைமையாசிரியர் அதை வாங்கி மாட்டினார். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். நாட்காட்டி நாட்காட்டியாகவே இருந்தது.

"எனக்குக் கண்ணு ரொம்ப நுட்பம்" என்றார் தீர்க்கதரிசி. "வெறும் கண்ணாடிகூட ஒத்துக்காது."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. இவர் மண்ணுக்குள்ளேயே படுத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவர்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "சரி, ஏதோ நடந்துபோச்சு. ஆனா இருபது இடம்தான் இருக்கு. இந்தப் பொண்ணு உள்ள வரணும்னா ஒருத்தன் வெளிய போகணும். இவ குறிப்பை வாங்கிக்கிட்டவன் யாரு, இருபத்திரண்டா? பஸ் டிரைவர் பையன். அவனை எடுத்துடலாம்."

இந்த இருபத்திரண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்டாம் வகுப்பில் தீர்க்கதரிசியின் வாயால் 'சுமாரு' பட்டம் வாங்கியவன். ஒன்பதில் புது டீச்சர் அவனைப் புலி என்று நம்பி, ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்டாள். முதலில் முழித்தான். பிறகு, டீச்சர் எப்படியும் விடமாட்டாள் என்று பயந்து படித்தான். பிறகு பயம் போய்ப் பிடித்துப்போய்ப் படித்தான். இப்போது வகுப்பில் முதலாவது அவன்தான்.

"அவனை எதுக்கு எடுக்கணும்?" என்றாள் அம்மா. "மார்க்கு அவன் வாங்கினது. தப்பா வந்த கோட்டுதான், ஆனா அவன் அதுக்கு வளர்ந்துட்டான். கழட்டாதீங்க. அவன்கிட்ட இதைச் சொல்லவும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடறேன். என் பொண்ணுக்கு அவ இடத்தைக் கொடுங்க, போதும்."

"இடம் இருபதுதாம்மா. விதி."

அப்போது டீச்சர் தன் கையிலிருந்த பிரிவுப் பட்டியலை மேசையில் வைத்தாள். வகுப்பாசிரியர் கையெழுத்து இல்லாமல் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியாது. "முப்பத்திரண்டு பிள்ளைங்களோட குறிப்பு மாறியிருக்கு சார். எல்லாருக்கும் புதுசாப் பரீட்சை வெச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"மூணு நாள்ல விழா! அழைப்பிதழ் போயாச்சு!"

"அப்ப கையெழுத்து இல்லை."

பேரம் நடந்தது. ஆமாம் தங்கங்களே, பிள்ளைகளின் வருங்காலத்தை வைத்துக்கொண்டு கருவாட்டுக் கடையில் நடப்பது போலப் பேரம் நடந்தது. முப்பத்திரண்டு பேருக்கும் பரீட்சை என்றால் பலித்த முப்பத்தெட்டும் சந்தி சிரிக்கும். அதற்குத் தலைமையாசிரியர் ஒப்பவில்லை. ஆய்வகத்தில் ஒரே ஒரு பெஞ்ச் கூடுதலாகப் போடுகிறேன், வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றார். டீச்சர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளுக்காக நின்று சண்டை போட அவளுக்கு ஆசைதான். தன் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கும்போது அதில் கால் வைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "சரி" என்றாள். அந்தச் 'சரி' அவளுக்கு வெகுநாள் வரைக்கும் தொண்டையில் நின்றது. நிற்க வேண்டியதுதான்.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பிப் போய் முதல் வேலையாகப் பாட்டில் கண்ணாடிப் பெண்ணை முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். வருடம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் கரும்பலகையைப் பார்த்தாள்.

விழா நடந்தது. தீர்க்கதரிசிக்குப் பொன்னாடை போட்டார்கள், சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவர் ஏற்புரையில், "எனக்குப் பெயர்கள் முக்கியமில்லை, முகங்கள்தான் முக்கியம்" என்றார். கைதட்டினார்கள். கை இருக்கிறவர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

பெஞ்ச் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஆய்வகப் பிரிவில் முதல் பரீட்சையில் மகள் முப்பத்தொன்று வாங்கினாள். நூற்றுக்கு. சுவரோரம் போட்ட அந்த உபரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, கையைத் தூக்க மறந்து, வாய் திறக்க மறந்து. சலவைக்கூடத்துக்கு வந்து விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, கைவேலைக்கே மாத்திக்கறேன். அவர் எழுதினதுதான் சரி போல."

இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"எதுடி சரி? அந்தாளு உன்னைப் பார்த்து எழுதலடி. பக்கத்துப் பொண்ணைப் பார்த்தும் எழுதலை. முதல் நாள் வாசல்ல நின்னு எல்லார் மூஞ்சியிலயும் தும்மிட்டுப் போனாரு. தும்மல் மேல பட்டா என்ன பண்ணுவே? துடைச்சுக்குவியா, இல்ல அதான் என் தலையெழுத்துன்னு ஃப்ரேம் போட்டு மாட்டிக்குவியா?"

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பு என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. அழுகை வரும்வரை சிரித்தாள்.

"டீச்சர் ஒரு வருஷமா உன்னைக் கேள்வி கேக்கலைல்ல? நான் கேக்கறேன். இந்த டிரம்ல என்ன இருக்கு?"

"உனக்குப் பதில் சரியா தப்பான்னு தெரியாதேம்மா."

"தெரியாதுதான். நீ சொல்லு."

அன்றிலிருந்து தினமும் கேட்டாள். இது ஏன் நுரைக்குது? அது ஏன் நுரைக்கலை? சூடு பண்ணினா என்ன ஆகும்? ஏன் ஆகும்? பதில் அவளுக்குப் பாதி புரியாது. சில நாள் சூப்பர்வைசரும் வந்து நின்று கேட்டுவிட்டு, "எனக்கும் புரியலை, ஆனா நல்லா இருக்கு" என்று போவார். கேட்பது மட்டும் நிற்கவில்லை. சொல்லிச் சொல்லி மகளுக்கு வாய் திரும்பியது. தான் சொல்வது தப்பு என்று நடுவிலேயே தெரிந்துபோய் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்ப்பாள். அடுத்த பரீட்சையில் நாற்பத்தெட்டு. அதற்கடுத்ததில் நாற்பத்தைந்து, சறுக்கியது. அதற்கும் அடுத்ததில் அறுபத்தொன்பது. அந்த வாரம் வகுப்பில் கை தானாக மேலே போயிற்று.

இப்போது அவள் நகரத்தின் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் தண்ணீரை எடுத்துக் கலக்கிப் பார்த்து, குடிக்கலாம் என்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழாய் திறக்கிறது. பஸ் டிரைவரின் மகன் கல்லூரியில் கணக்கு நடத்துகிறான். பிள்ளைகளைக் கேள்வி கேட்டே கொல்கிறான் என்று புகழ். அவன் குறிப்பு யாருடையது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சிலர் நன்றாக இருக்கிறார்கள். சிலர் என்னவாகியிருப்பார்கள் என்பது யாருக்குமே தெரியாது; அதுதான் எனக்கு ஆத்திரம்.

தீர்க்கதரிசி ஓய்வு பெற்றுவிட்டார். தினமும் காலையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வாசலில் உட்காருகிறார். போகிற வருகிறவர்களிடம், "அந்தக் கணக்குப் பேராசிரியர் என் மாணவன், அந்தத் தண்ணிக்காரப் பொண்ணும் என் மாணவிதான், ரெண்டு பேரையும் நான் அன்னிக்கே சொன்னேன்" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீர் அவருக்கும் சுத்தமாகத்தான் வருகிறது. அவள் ஆள் பார்த்து அனுப்புகிறவள் இல்லை.

சரி, எழுந்திருங்கள் தங்கங்களே, கால் மரத்துப் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்கட்டும். பதில் தெரியாத நாளிலும் உட்கார்ந்து கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்கட்டும். ஒருவர் பேரை ஒருவர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் உங்கள் வீட்டில் என்றைக்கும் ஓயாதிருக்கட்டும். நன்றாக இருங்கள், எல்லாரும் நன்றாக இருங்கள்.